வலிக்கு முன்னே பனிக்குடம் உடைந்தால்…

பழி சொல்ல நேரமில்லை, மணியைப் பாருங்கள்!

“தண்ணிக் குடத்தைத் தூக்கியிருப்பா”, “சொல்லச் சொல்லக் கேட்காம மாடிப்படி ஏறினா.” வலி எடுக்கும் முன்பே பனிக்குடம் உடைந்து ஒரு பெண் மருத்துவமனைக்கு வந்தால், வார்டு வாசலில் உறவினர்கள் அடுக்கும் காரணங்கள் இவை. உள்ளே டாக்டர் கேட்பதோ வேறு. எத்தனை மணிக்கு உடைந்தது? தண்ணீர் என்ன நிறம்? இது எத்தனையாவது வாரம்? தாயும் சேயும் பத்திரமாக இருக்கத் தேவைப்படுவது இந்த மூன்றுக்கான பதில்தான்.

பனிக்குடம் என்பது ஒட்டியிருக்கும் இரண்டு மெல்லிய சவ்வுகள். அவற்றுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரத இழை. பேறுகாலம் நெருங்க நெருங்க இந்த இழைகள் தளரும். பெரும்பாலும் வலி எடுத்த பிறகே குடம் உடையும். 37 வாரம் நிறைந்தவர்களில் 100-க்குச் சுமார் 8 பேருக்கு வலிக்கு முன்பே உடைந்துவிடுகிறது. 37 வாரத்துக்கு முன் உடைவது 100-ல் 2, 3 பேருக்குத்தான். ஆனால், குறைப்பிரசவங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு அதுவே காரணம்.

யாருக்கு வாய்ப்பு அதிகம்?

முதல் சந்தேகம் கிருமித் தொற்றின் மீதுதான். பிறப்புறுப்பில் தொற்று ஏற்படும்போது, கிருமிகளும் அவற்றை எதிர்க்கும் உடலும் சுரக்கும் நொதிகள் கொலாஜனைக் கரைக்கின்றன. நாற்றத்துடன் கூடிய வெள்ளைப்படுதலையும், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலையும் “கர்ப்பத்தில் இதெல்லாம் சகஜம்” என்று விட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான்.

அடுத்தது, குடம் அளவுக்கு மீறி விரிவது. இரட்டைக் குழந்தைகள் இருந்தாலோ பனிக்குட நீர் அதிகமாக இருந்தாலோ இது நேரும். கர்ப்பப்பை வாயின் நீளம் குறைவாக இருப்பது, நான்காவது மாதத்துக்குப் பிறகு ரத்தக்கசிவு, தாயின் எடை மிகக் குறைவாக இருப்பது, புகைப்பழக்கம் ஆகியவையும் பட்டியலில் உண்டு. முந்தைய கர்ப்பத்தில் மாதம் நிறையும் முன் குடம் உடைந்தவர்களுக்கு மறுபடியும் அப்படி நேரும் வாய்ப்பு கணிசமாக அதிகம்.

இவற்றில் எதுவுமே இல்லாத பெண்களுக்கும் உடைவதுண்டு. அன்று தூக்கிய ஒரு குடமோ, ஏறிய நாலு படியோ இதைச் செய்துவிட்டதாகச் சொல்ல ஆதாரமில்லை. விபத்தில் வயிற்றில் பலமாக அடிபட்டால் அது வேறு விஷயம்.

சொட்டுச் சொட்டாகவும் கசியும்

சினிமாவில் வருவதுபோல் எப்போதும் தண்ணீர் கொட்டாது. உள்ளாடை நனையும் அளவுக்குக் கசிந்துகொண்டே இருக்கலாம். சிறுநீர் என்று நினைத்து இரண்டு நாள் சும்மா இருந்துவிடுபவர்கள் உண்டு. அடக்கிப் பார்த்தும் நிற்காமல் கசிந்தால், சுத்தமான நாப்கின் வைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாம்பத்திய உறவு கூடாது. கருவி வைத்து நேரில் பார்த்து டாக்டர் உறுதி செய்வார். கைவிட்டுப் பார்க்கும் பரிசோதனையை முடிந்தவரை தவிர்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் கிருமி உள்ளே போகும் வாய்ப்பு கூடும் என்பதே காரணம்.

மாதம் நிறைந்திருந்தால், வலி வரவைக்க மருந்து ஏற்றலாமா, காத்திருக்கலாமா என்பதே கேள்வி. “மருந்து ஏத்தினா ஆபரேஷன்ல போய் முடியும்” என்று பயப்படுபவர்கள் உண்டு. 1996-ல் வெளியான, 5,041 பெண்கள் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வு இதற்கு விடை சொன்னது. மருந்து ஏற்றியவர்கள், காத்திருந்தவர்கள் என இரு தரப்பிலும் சிசேரியன் விகிதம் ஏறத்தாழ ஒன்றே. ஆக்சிடோசின் ஏற்றி வலி வரவைத்த தாய்மார்களுக்குத் தொற்று குறைவாக இருந்தது.

34 வாரத்துக்கு முன் உடைந்தால் கணக்கு மாறுகிறது. தொற்று இல்லை, குழந்தையும் நலம் என்றால், வயிற்றுக்குள் கழியும் ஒவ்வொரு நாளும் அதற்கு லாபம். தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அது குழந்தையின் நுரையீரலை விரைவாக முதிரச் செய்யும் என்பதை, நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள் 1972-ல் காட்டினார்கள். கூடவே ஆன்டிபயாடிக்கும் உண்டு. 2001-ல் வெளியான ‘ஆரக்கிள்’ ஆய்வில் எரித்ரோமைசின் பலன் தந்தது. அமாக்ஸிசிலினுடன் கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மாத்திரையோ, பிறந்த குழந்தைகளின் குடலைப் பாதிக்கும் கடுமையான நோயை அதிகப்படுத்தியது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரை எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

108-ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

• காய்ச்சல், நடுக்கம், வயிற்றைத் தொட்டால் வலி

• தண்ணீரில் துர்நாற்றம். பச்சை அல்லது பழுப்பு நிறம்

• ரத்தப்போக்கு

• குழந்தையின் அசைவு குறைவது

• பிறப்புறுப்பில் தொப்புள் கொடி தட்டுப்படுவது. அப்படியானால் கொடியைத் தொடாமல், முழங்காலும் மார்பும் தரையில் படக் குப்புறக் குனிந்து, இடுப்பை உயர்த்தியபடி ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். கொடி நசுங்கினால் குழந்தைக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடும்.

ஒருமுறை வலிக்கு முன்பே குடம் உடைந்திருந்தால், எந்த வாரத்தில் உடைந்தது, தொற்று இருந்ததா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த கர்ப்பத்தில் முதல் செக்கப்பிலேயே அதைக் காட்டினால், கர்ப்பப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளக்கவும், தொற்று இருந்தால் முன்பே குணப்படுத்தவும் டாக்டருக்கு அவகாசம் கிடைக்கும்.