பால் வேண்டாம், சத்து வேண்டும்

பால் குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு பொருமும், கடமுடாவென்று சத்தம் போடும், சிலருக்குப் பேதியே ஆகிவிடும். இப்படி அவதிப்படுகிறவர்களுக்கும், பாலை விலக்கிவிட்டவர்களுக்கும் வீட்டில் அடித்துக் குடிக்கும் பழ ஸ்மூத்தி நல்ல துணை. ஆனால் பாலுக்குப் பதிலாகத் தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்தால், பாலோடு போன புரதமும் கால்சியமும் போனதுதான். அவற்றைத் திரும்பச் சேர்க்கத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் மிக்ஸி வேலை.

ஒத்துக்கொள்ளாதது வேறு, ஒவ்வாமை வேறு

பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் நொதி சிறுகுடலில் சுரக்கிறது. குழந்தைப் பருவம் தாண்டியதும் பலருக்கு இது குறைந்துபோகும். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதித்து வாயுவாகிறது. உப்புசம் வருவது இதனால்தான். இது ஆபத்தான நோய் இல்லை. காபியில் விடும் கொஞ்சம் பாலும் கெட்டித் தயிரும் இவர்களில் பலருக்கு ஒன்றும் செய்வதில்லை.

பால் ஒவ்வாமை அப்படியல்ல. பாலின் புரதத்தை உடலின் எதிர்ப்பாற்றல் பகையாக நினைத்துத் தாக்குகிறது. தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வரலாம். இவர்களுக்கு ஒரு சொட்டுப் பாலும் ஆகாது. எது தமக்கு இருக்கிறது என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், ஊகத்தில் விடக்கூடாது.

தேங்காயா, வேர்க்கடலையா?

பாலுக்கு மாற்று என்றதும் முதலில் நினைவுக்கு வருவது தேங்காய்ப் பால். மணமும் வழவழப்பும் அதற்கு ஈடில்லை. ஆனால் அதில் புரதம் குறைவு, கால்சியம் மிகமிகக் குறைவு, நிறைவுற்ற கொழுப்போ அதிகம். சுவைக்காக எப்போதாவது சேர்க்கலாம். அதுவும் முதல் பாலை விட்டுவிட்டு இரண்டாம் பாலை எடுப்பது நல்லது. கடையில் விற்கும் பாதாம் பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான், பாதாம் சில சதவீதமே. வாங்குவதானால் சர்க்கரை சேர்க்காததாகவும் கால்சியம் சேர்த்ததாகவும் பார்த்து வாங்குங்கள். சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும் என்பதால் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும்.

என் ஓட்டு வேர்க்கடலைக்கு. ஒரு கைப்பிடி, அதாவது சுமார் 30 கிராம் கடலையில் ஏறக்குறைய 7 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு டம்ளர் பசும்பாலில் கிடைப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். விலையும் கட்டுபடியாகும். சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை பிடித்தது எதுவானாலும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அவற்றில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கக்கூடும், வறுத்தாலும் அது முழுதாகப் போகாது.

ஒரு டம்ளருக்கு

வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை ஒரு கைப்பிடி எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் 2 மணி நேரம் ஊறவிடுங்கள். ஒரு மேசைக்கரண்டி எள்ளை வெறும் வாணலியில் படபடவென்று வெடிக்கும்வரை வறுத்து, ஆறியதும் தனியாகப் பொடித்துக்கொள்ள வேண்டும். முழு எள்ளைப் பழத்தோடு போட்டால் அது அரைபடாது, சத்தும் சேராது. ஊறிய கடலையை வடித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு வெண்ணெய் பதத்துக்கு அரையுங்கள். முதலிலேயே தண்ணீரை முழுவதும் ஊற்றினால் கடலை நறநறவென்று நின்றுவிடும். பிறகு எள்ளுப் பொடி, ஒரு வாழைப்பழம், ஒரு பேரீச்சம்பழம், ஒரு சிட்டிகை ஏலப்பொடி, முக்கால் டம்ளர் குளிர்ந்த தண்ணீர் சேர்த்து அடித்தால் முடிந்தது. வாழைப்பழத்தை முந்தின இரவே வில்லைகளாக நறுக்கி ஃப்ரீசரில் வைத்திருந்தால் ஐஸ்கிரீம் சேர்த்ததுபோலத் திரண்டு வரும், ஐஸ்கட்டி தேவைப்படாது.

எள்ளில் கால்சியம் உண்டுதான். ஆனால் தோலோடு உள்ள எள்ளின் ஆக்ஸலேட் அதில் ஒரு பகுதியை உடலில் சேரவிடாது. ஒரு கரண்டி எள் ஒரு டம்ளர் பாலுக்கு ஈடாகாது. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உள்ள கேழ்வரகு, முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி ஆகியவற்றை அன்றாடச் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்வது அவசியம்.

எந்தப் பழம்?

அன்னாசியையும் பாலையும் சேர்த்து அடித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கைக்கும். அன்னாசியில் உள்ள ப்ரோமெலைன் என்ற நொதி பால் புரதத்தை உடைப்பதே காரணம். பப்பாளியின் பப்பாயினும் அதே வேலையைச் செய்யும். புரதம் குறைந்த தேங்காய்ப் பாலோடு இந்தப் பழங்களைத் தாராளமாகச் சேர்க்கலாம், அடித்த கையோடு குடித்துவிட வேண்டும். மாம்பழம், சப்போட்டா இரண்டும் கடலைப் பாலோடு நன்றாகச் சேரும். கொய்யாவில் ஆரஞ்சைவிட வைட்டமின் சி பல மடங்கு அதிகம் என்றாலும் அதன் விதையை வடிகட்டும்போது நார்ச்சத்தும் போய்விடும். கொய்யாவைக் கடித்தே தின்னுங்கள்.

இனிப்பில் கை வைக்கும்போது

நன்கு பழுத்த பழம் இருந்தால் வேறு இனிப்பே வேண்டாம். சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் தந்த வழிகாட்டுதலின் சாரம். தேனும் இந்தக் கணக்கில் சேரும், நாட்டுச்சர்க்கரையும் சேரும். சர்க்கரை நோயாளிகள் பழத்தை அரைத்துக் குடிப்பதைவிட மென்று தின்பது மேல்.

யாருக்கு எச்சரிக்கை?

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வாழைப்பழம், இளநீர் சேர்த்த ஸ்மூத்தியை மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக்கூடாது. பொட்டாசியம் ஏறிவிடும். ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலின் இடத்தில் எந்தத் தாவரப் பாலையும் கொடுக்கக்கூடாது. கடலையும் எள்ளும்கூடச் சிலருக்கு ஒவ்வாது. பால் ஒவ்வாமை உள்ள குழந்தை இருக்கும் வீட்டில், மோர் அடித்த அதே ஜாரில் ஸ்மூத்தி அடிக்க வேண்டாம். மூடியின் ரப்பர் வாஷர் இடுக்கிலும் பிளேடுக்கு அடியிலும் பால் தங்கும், கழுவினாலும் முழுதாகப் போகாது. அந்தக் குழந்தைக்கென்று ஒரு சின்ன ஜாரைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.