புல் முளைத்த கூரையின் கீழே ஓர் ஆலை

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில், புகை படிந்த செங்கற் கட்டடங்கள் நெருங்கிய ஹோல்பெக் பகுதியில், நைல் நதிக்கரைக் கோயிலொன்றைப் போன்று எழுந்து நிற்கும் டெம்பிள் மில்லைக் காணச் செல்வோர், தாமரை முதலிய நீர்ச்செடிகளின் வடிவில் தலை செதுக்கிய பருத்த கல் தூண்களை வியந்து பார்த்துவிட்டு, அதுவே அக்கட்டடத்தின் விசேஷம் என்று திருப்தியுடன் திரும்பிவிடுவது வழக்கம். எகிப்திய ஆராய்ச்சியில் தேர்ந்த ஜோசப் பொனோமியின் கைவண்ணம் அம்முகப்பு. ஆளிநாரை நூற்று லினன் நூலாக்கிய ஆலைக்கு, லினன் துணியால் தம் மூதாதையரின் உடல்களைச் சுற்றிப் பாதுகாத்த நாட்டின் சிற்பம் பொருத்தமானதுங்கூட. ஆயினும் இந்த ஆலையின் மெய்யான பெருமை அதன் கூரையில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆலையை எழுப்பியவர்கள் மார்ஷல் குடும்பத்தார். குடும்பத் தலைவரான ஜான் மார்ஷல் பங்காளியாக இருந்த ஷ்ரூஸ்பரி ஆலைதான், 1797-இல், இரும்புத் தூண்களும் இரும்பு உத்திரங்களும் தாங்கும் உலகின் முதற் கட்டடமாக நிர்மாணிக்கப்பட்டது. அது மாடி மேல் மாடியாக உயர்ந்த ஆலை. 1840-இல் முடிவடைந்த டெம்பிள் மில்லோ, சுமார் இரண்டு ஏக்கர் பரப்பை ஒரே விசாலமான கூடமாக வளைத்துக்கொண்டு தரையோடு படர்ந்தது. இத்துணை அகன்ற கூடத்தின் நடுப்பகுதிக்குப் பக்கச் சுவரின் ஜன்னல் வழியே வெளிச்சம் எட்டாது. ஆதலால் கூரையெங்கும் கூம்பு வடிவமான கண்ணாடிச் சாளரங்களை அமைத்தார்கள்.

ஆளி நூலுக்கு உலர்ந்த காற்று பகை. ஈரப்பதம் குன்றினால் இழை அறுந்துபோகும். கூடத்தின் உஷ்ணமும் ஈரமும் ஒரே நிலையில் இருக்கவேண்டுமென்று, செங்கல் வளைவுகளின்மீது தார் பூசி, அதன்மேல் மண் பரப்பிப் புல் வளர்த்தார்கள். அந்த மண்ணும் புல்லும், வெயிலில் தார் வெடித்து மழைநீர் ஒழுகாதபடியும் காத்தன. பெய்த மழை, கூரையைத் தாங்கிய வார்ப்பிரும்புத் தூண்களின் உட்குழல் வழியாகவே கீழே இறங்கிற்று. புல்லை மேய்வதற்கு ஆடுகளை மேலேற்றி விட்டார்கள்! ஒவ்வோர் அங்கமும் இரண்டு மூன்று காரியங்களுக்குப் பிரயோஜனமாகும்படி அமைந்த இத்தகைய தேர்ச்சியைக் கோயிற் சிற்பத்துக்குச் சிறிதும் குறையாத கலை என்றே நான் கருதுகிறேன்.

மார்ஷல் குடும்பத்தாரின் தொழில் 1886-இல் முடிவுற்றது. முதல் தரப் பாதுகாப்புப் பெற்ற சின்னமாக இருந்தும், 2008-இல் முகப்பின் கல் தூணொன்று சரிந்து விழுந்தது. அத்தூணைத் திரும்ப நிறுத்துவது அவசியமே. அதனினும் அவசியம், கூரையைத் தாங்கும் இரும்பையும், அதன் உள்ளே நீர் இறங்கும் வழியையும், துருப் பிடிக்கவிடாமல் பேணுவது.