வீட்டைக் காலி செய்யச் சொன்னால்...



சாமான்கள் தெருவுக்கு வந்த பிறகே பலர் நம்மிடம் உதவி கேட்டு வருகிறார்கள். முன்பே வந்தால் வீட்டைக் காப்பாற்ற வழியுண்டு.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன்படி, வாடகை நீதிமன்ற உத்தரவின்றி வாடகைதாரரை வெளியேற்ற முடியாது. தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்கவும் கூடாது.

இரண்டு மாத வாடகை பாக்கியானால் வீட்டுக்காரர் வழக்குத் தொடரலாம். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கியை வட்டியுடன் செலுத்தினால், அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற உத்தரவு பிறப்பிக்க மாட்டார்கள். ஆனால் இந்தச் சலுகை திரும்பத் திரும்பக் கிடைக்காது.

வாய்ப்பேச்சை நம்பிக் குடியிருக்காதீர்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாததே வெளியேற்றக் காரணமாகிவிடும். வாடகைக்கு ரசீது வாங்கி வையுங்கள்.

நோட்டீஸ் வந்த அன்றே அதை எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். அந்த ஒரு மாதத்துக்குள்தான் நாம் கைகொடுக்க முடியும்.

— செயலாளர்