மூக்குக்குள் போகும் தூசி எங்கே நிற்கிறது?

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை உயிரியல் வகுப்பில் 'சுவாசம்' பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். லப்பைக்குடிகாட்டிலிருந்து வரும் ஒரு மாணவி கேட்டாள்: "அரியலூர் ரோட்டுல சிமெண்ட் லாரிக்குப் பின்னாடி பஸ்ல வந்தா மூக்கெல்லாம் அடைச்சுக்குது. உள்ளே போற தூசி எங்கே போகுது சார்?" பாடப்புத்தகத்தில் இதற்கு நேரான பதில் இல்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் கல்குவாரியும் உள்ள நம் இரண்டு மாவட்டங்களிலும் இது பரீட்சைக்கு மட்டுமான கேள்வி அல்ல. அதனால் வீட்டுப் பெரியவர்களும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 16 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு மூச்சிலும் அரை லிட்டர் காற்று. கல் உடைப்பவருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் இது பல மடங்கு.

காற்று மூக்கில் நுழைந்ததும் முதல் வடிகட்டல் நடக்கிறது. மூக்கு முடியும் ஈரமும் பெரிய துகள்களைப் பிடித்துவிடும். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு 10 மைக்ரான். அதைவிடப் பெரியவை பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலுமே நின்றுவிடும். தப்பி வருபவற்றை மூச்சுக்குழலில் உள்ள கோழை ஒட்டிக்கொள்ளும். அங்கே குற்றிழைகள் என்னும் நுண்ணிய மயிர்கள் ஓயாமல் அசைந்து, அந்தக் கோழையைத் தொண்டைக்கு மேலே தள்ளும். பீடி, சிகரெட் புகை இந்த மயிர்களைத்தான் முடக்குகிறது. புகைப்பவருக்குக் காலையில் வரும் இருமல், தானாக மேலேறாத கோழையை உடம்பு உந்தித் தள்ளும் முயற்சி.

மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து, கிளை கிளையாகச் சிறுத்து, கடைசியில் காற்று நுண்ணறைகளில் முடிகிறது. இரண்டு நுரையீரலிலும் சேர்த்து சுமார் 30 கோடி அறைகள். ஒவ்வொன்றையும் சுற்றி இரத்த நுண்குழாய் வலை. இடையில் உள்ள சுவர் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். அதன் வழியே ஆக்ஸிஜன் இரத்தத்துக்குள் போகிறது, கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது.

இரத்தம் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு நடுச்சுவரின் துளைகள் வழியே போகிறது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நம்பிவந்தார்கள். அந்தச் சுவரில் துளையே இல்லை, இரத்தம் நுரையீரலுக்குப் போய், காற்றோடு கலந்துதான் இடப்பக்கம் வருகிறது என்று 13-ம் நூற்றாண்டில் எழுதியவர் இப்னு அந்-நஃபீஸ். டமாஸ்கஸில் படித்து, கெய்ரோவில் மருத்துவம் பார்த்து, 1288-ல் காலமானவர். பிள்ளைகள் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியும் தூசியில் பெரும்பகுதி மேலேயே நின்றுவிடும். மூக்கு எரியும், தும்மல் வரும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத, சுமார் 5 மைக்ரானுக்குக் குறைந்த துகளுக்கு. அது நுண்ணறை வரை போய்விடும். அங்கே குற்றிழைகள் கிடையாது. விழுங்கு செல்கள்தான் காவல். வந்ததை விழுங்கி அப்புறப்படுத்தும். ஆனால் கருங்கல் தூசியில் சிலிக்கா அதிகம். அதை விழுங்கிய செல்லே செத்துப்போகும், சிலிக்கா மறுபடி வெளியே வரும், இன்னொரு செல் விழுங்கும். இப்படியே புண்ணாகித் தழும்பேறி, பஞ்சு போன்ற நுரையீரல் இறுகிவிடும். இதுதான் சிலிக்கோசிஸ். சுண்ணாம்புக்கல்லில் சிலிக்கா பொதுவாகக் குறைவு. ஆகவே எங்கள் கவலை சிமெண்ட் லாரியைவிட, கிரஷரிலும் கல்குவாரியிலும் வேலை செய்கிறவர்களைப் பற்றித்தான்.

பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. பிறகு படியேறினால் மூச்சு வாங்கும், வறட்டு இருமல் வரும். தழும்பை அழிக்க மருந்து கிடையாது. தூசியை நிறுத்தினால் சேதம் கூடும் வேகம் குறையலாம். காசநோய் தொற்றும் ஆபத்தும் இவர்களுக்குப் பல மடங்கு அதிகம். முகத்தில் கட்டும் கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது. முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும். தண்ணீர் தெளித்துக் கல் உடைத்தால் தூசி பறப்பதே குறையும். அத்தாவின் வேலைச் சட்டையை வீட்டுக்குள் உதறாதீர்கள், தண்ணீரில் நனைத்துத் துவையுங்கள். உதறினால் அந்தத் தூசி பிள்ளைகளின் மூச்சிலும் போகும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் மெடிக்கலில் டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனை இலவசம். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அங்கே போகும்போது, இருமல் எத்தனை நாளாக என்பதோடு, என்ன வேலை, எத்தனை வருடம், கல்லா சிமெண்டா என்பதையும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சட்டப்படி சிலிக்கோசிஸ் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். வேலை என்னவென்று தெரியாமல் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்தால், அது காசநோய் போலவே தெரியக்கூடும்.