மேற்கு மாம்பலத்தில் ஸ்ரீராம நவமி

எங்கள் வகுப்பில் இந்து மாணவியரும் கிறிஸ்தவ மாணவியரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கிறோம். ஆயினும் ஒருவர் பண்டிகையை மற்றவர் எவ்வளவு அறிவோம்? இதை எண்ணியே, மேற்கு மாம்பலத்தில் வாழும் எங்கள் தோழியின் இல்லத்திற்கு 2025-ஆம் ஆண்டு ஸ்ரீராம நவமியன்று சென்றோம்.

அயோத்தி மன்னர் தசரதருக்கும் கோசலைக்கும் மகனாக இராமபிரான் அவதரித்த திருநாள் இது. சைத்திர மாதத்து வளர்பிறையின் ஒன்பதாம் நாளே நவமி. சந்திரனைக் கொண்டு கணிப்பதால் சில ஆண்டுகளில் பங்குனியிலும், சில ஆண்டுகளில் சித்திரையிலும் வருகிறது. நமது உயிர்ப்புப் பெருவிழாவும் முழுநிலவைக் கொண்டே கணிக்கப்படுகிறது அல்லவா? அவ்வாண்டு நவமி ஏப்ரல் 6, தவக்காலத்து ஞாயிறு. நாங்கள் திருப்பலி முடிந்து சென்றோம்.

வாசலில் மாக்கோலம், கூடத்தில் மாலை சூடிய பட்டாபிஷேகப் படம். இராமர் பிறந்தது நண்பகல் என்பதால் பூஜையும் நண்பகலிலேயே. நிவேதனம் மூன்று: வெல்ல நீரில் சுக்கும் ஏலக்காயும் சேர்த்த பானகம், நீர்மோர், ஊறிய பயத்தம்பருப்பில் தேங்காயும் மாங்காயும் கலந்த வடைப்பருப்பு. மூன்றுமே கோடைக்கு இதமானவை. விசிறி தானம் செய்வதும் உண்டு. வழிப்போக்கருக்கும் பானகமும் மோரும் வழங்குவர். தாகத்திற்குச் சாதி மதம் ஏது?

ஆரிய கவுடா சாலையிலுள்ள அயோத்தியா மண்டபத்தில் இந்நாட்களில் பூஜையும் உபந்நியாசமும் கச்சேரியும் நடைபெறும். நவமியோடு நிறைவுறும் விழாவைக் கர்ப்போத்ஸவம் என்றும், நவமியில் தொடங்குவதை ஜன்மோத்ஸவம் என்றும் கூறுவர்.

பூஜை முடிந்ததும் எங்களில் சிலர் தயங்கி நின்றோம். படைத்ததை அருந்தலாமா? மறுத்தால் தோழி வருந்துவாளோ? தோழியின் பாட்டி புரிந்துகொண்டார். தனிச் செம்பு ஒன்றைக் கொணர்ந்து, "இது உங்களுக்குன்னு தனியாக் கரைச்ச மோர், குழந்தைகளா. சுவாமிக்குப் படைக்கலை. சங்கடப்படாமக் குடிங்கோ" என்றார். எங்கள் கண்கள் கலங்கின.

பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்ததை மறைக்கல்வி வகுப்பில் படித்திருந்தோம். அதன் பொருள் அன்றுதான் விளங்கிற்று.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு. பாட்டிக்கு நாங்கள் கேக் கொண்டு சென்றோம். முட்டை சேர்க்காமல், அவருக்கென்றே தனியாகச் செய்தது!