தடிமனுக்கும் இன்ஃபுளுவென்சாவுக்கும் உள்ள வேறுபாடு

தடிமன் (சளி பிடித்தல், ஜலதோஷம்), இன்ஃபுளுவென்சா (ஃபுளூ காய்ச்சல்) ஆகிய இரண்டும் நச்சுயிரிகளால் (வைரசுகளால்) மூச்சுத்தொகுதியில் ஏற்படும் தொற்றுநோய்கள் ஆகும். தொண்டை வலி, இருமல், மூக்கொழுகல் ஆகியன இரண்டிலும் காணப்படுவதால் ஒன்று மற்றொன்றாகக் கருதப்படுவதுண்டு. தடிமன் பெரும்பாலும் தானே குணமாகிவிடும். இன்ஃபுளுவென்சா சிலருக்கு நுரையீரல் அழற்சியாக முற்றி உயிரிழப்பையும் ஏற்படுத்தலாம். திருப்பெரும்புதூர் (ஸ்ரீபெரும்புதூர்) - ஒரகடம் தொழிற்பகுதி போன்று பலர் நெருங்கிப் பணிபுரியும் இடங்களில், இவ்வேறுபாட்டை முதல் இரு நாட்களுக்குள் அறிவது நோயாளிக்கும் உடன் பணிபுரிவோருக்கும் பயன்தரும்.

நோய்க்காரணிகள்

தடிமனை 200க்கும் மேற்பட்ட நச்சுயிரிகள் உண்டாக்குகின்றன. அவற்றுள் ரைனோவைரசு முதன்மையானது. மனிதரிடையே பருவந்தோறும் பரவும் இன்ஃபுளுவென்சாவை ஏ, பி என்னும் இரு வகை இன்ஃபுளுவென்சா நச்சுயிரிகள் உண்டாக்குகின்றன. எச்1என்1, எச்3என்2 ஆகியன ஏ வகையின் உட்பிரிவுகள் ஆகும்.

அறிகுறிகள்

* துவக்கம்: தடிமன் தொண்டைக் கரகரப்புடன் சிறிது சிறிதாகத் துவங்கும். இன்ஃபுளுவென்சா திடீரெனத் துவங்கும். காலையில் நலமாக வேலைக்குச் சென்றவர் மாலையில் படுத்துவிடக்கூடும்.
* காய்ச்சல்: தடிமனில் பெரியவர்களுக்குக் காய்ச்சல் அரிது. இன்ஃபுளுவென்சாவில் 100 முதல் 104 பாரன்ஹீட் வரை காய்ச்சல் 3 அல்லது 4 நாட்கள் நீடிப்பது வழக்கம்.
* உடல்வலி, தலைவலி, குளிர் நடுக்கம்: தடிமனில் குறைவு. இன்ஃபுளுவென்சாவில் கடுமையாக இருக்கும்.
* தும்மல், மூக்கடைப்பு: தடிமனில் முதன்மையானவை. இன்ஃபுளுவென்சாவில் சில வேளைகளில் மட்டும் தோன்றும்.
* இருமல்: தடிமனில் மிதமானது. இன்ஃபுளுவென்சாவில் வறட்டு இருமலாகத் துவங்கி இரு வாரங்களுக்கு மேலும் நீடிக்கலாம்.
* சோர்வு: தடிமன் உள்ளவர் நடமாட இயலும். இன்ஃபுளுவென்சா உள்ளவர் எழுந்து நிற்பதற்கே சிரமப்படுவார்.

கோவிட்-19 நோயின் அறிகுறிகளும் இவற்றை ஒத்திருப்பதால், ஆர்.டி.-பி.சி.ஆர். போன்ற ஆய்வகச் சோதனையால் மட்டுமே நோயை உறுதி செய்ய முடியும்.

பிற நோய்களுடன் குழப்பம்

சென்னையிலும் அதனைச் சூழ்ந்த மாவட்டங்களிலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இன்ஃபுளுவென்சா மிகுகிறது. டெங்குக் காய்ச்சல் மிகுவதும் அதே காலத்தில்தான். இருமலோ மூக்கொழுகலோ இன்றி, கடும் காய்ச்சலுடன் கண்ணின் பின்புறம் வலியும் இருந்தால் டெங்குவாக இருக்கலாம். அந்நிலையில் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் ஆகியவற்றைத் தவிர்த்து இரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும். காய்ச்சலே இல்லாமல் தும்மலும் மூக்கு அரிப்பும் தொடர்ந்து, வார விடுமுறையில் குறைந்தால், அது வண்ணப்பூச்சு, பற்றவைப்புப் புகை, தூசு போன்றவற்றால் ஏற்படும் ஒவ்வாமையாக இருக்கலாம்.

தொழிற்பகுதியில் பரவல்

இன்ஃபுளுவென்சா இருமல், தும்மல் ஆகியவற்றின் துளிகளாலும், அவை படிந்த கைகளாலும் பரவுகிறது. நோயாளி அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே, தோன்றிய பின் 5 முதல் 7 நாட்கள் வரை நோயைப் பரப்பக்கூடியவர். இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம்-வடகால் ஆகிய சிப்காட் பூங்காக்களின் தொழிலாளர் பலர் நிறுவனப் பேருந்துகளில் வந்து செல்கின்றனர். விடுதிகளில் அறையைப் பகிர்ந்து வாழ்வோரும் பலர். வல்லம்-வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு மட்டும் 18,720 பேர் தங்கும் அளவுடையது.

பாராசிட்டமால் காய்ச்சலைத் தணிக்குமே தவிர நச்சுயிரியை அழிப்பதில்லை. மாத்திரை உட்கொண்டு முறைப்பணிக்குச் (ஷிப்டு) செல்பவர், உடல் வெப்பம் இயல்பாக இருப்பினும், நோயைப் பரப்பிக்கொண்டே இருப்பார். மருந்தின் துணையின்றிக் காய்ச்சல் நீங்கி 24 மணி நேரம் கடந்த பின்னரே பணிக்குத் திரும்புதல் நன்று.

தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தின் (இ.எஸ்.ஐ.) கீழ்க் காப்பீடு பெற்றோர், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, உரிய காலம் பங்களிப்புச் செலுத்தியிருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தின் 70 விழுக்காட்டை நோய்க்காலப் பயனாகப் பெறலாம்.

தமிழகத்தில்

உலக நலவாழ்வு அமைப்பு 2009 ஜூன் 11 அன்று எச்1என்1 இன்ஃபுளுவென்சாவை உலகப் பெருந்தொற்றாக அறிவித்தது. 'பன்றிக் காய்ச்சல்' என்னும் பெயர் அப்போது பரவலாயிற்று. தமிழகத்தில் சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் மாதிரிகள் சோதிக்கப்பட்டன. 2023 மார்ச்சில் எச்3என்2 பரவியபோது, மார்ச் 10 அன்று மாநிலம் முழுவதும் 1,000 காய்ச்சல் முகாம்கள் நடத்த அரசு ஏற்பாடு செய்தது.

மருத்துவம்

தடிமனுக்கு ஓய்வும் போதிய நீர்மங்களும் போதுமானவை. நுண்ணுயிர் எதிர்ப்பிகள் (ஆன்டிபயாட்டிக்) பாக்டீரியாக்களுக்கு எதிரானவை. இவ்விரு நோய்களின் நச்சுயிரிகளை அவை அழிப்பதில்லை. இன்ஃபுளுவென்சாவுக்கு ஒசெல்டாமிவிர் என்னும் மருந்து மருத்துவரின் பரிந்துரைப்படி வழங்கப்படுகிறது. அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்திற்குள் துவங்கினால் அதன் பயன் மிகுதி. தடிமன் என எண்ணிக் காத்திருப்போர் இக்கால அளவைத் தவறவிட நேரிடும். கர்ப்பிணிகள், 5 வயதிற்குட்பட்ட குழந்தைகள், 65 வயதைக் கடந்தோர், நீரிழிவு, ஆஸ்துமா, இதயநோய் உடையோர் காலந்தாழ்த்தாமல் மருத்துவரை அணுக வேண்டும்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் இரத்தம், உதடு நீலமாதல், மனக்குழப்பம், குறைந்த காய்ச்சல் மீண்டும் கூடுதல் ஆகியன அபாய அறிகுறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தடுப்பு

தடிமனுக்குத் தடுப்பூசி இல்லை. இன்ஃபுளுவென்சா நச்சுயிரி அடிக்கடி மாற்றமடைவதால் அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும். சோப்பிட்டுக் கைகழுவுதல், இருமும்போது வாயையும் மூக்கையும் மூடுதல், முகக்கவசம் அணிதல் ஆகியன இரண்டையும் தடுக்க உதவும்.