அநுராதபுரச் சிலுவையின் இலைகள்

வன்னியின் நெளுக்குளத்திலிருந்து தெற்கே ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல் போனால் அநுராதபுரம். விகாரைகளுக்குப் பேர்போன அந்த நகரில், 1912ஆம் ஆண்டு அகழ்வின்போது கருங்கல் தூணொன்றில் செதுக்கிய சிலுவை வெளிப்பட்டது. கல்லில் ஓர் எழுத்தும் இல்லை. போர்த்துக்கேயர் காலத்தது என்றே முதலில் எண்ணினார்கள். ஆனால் அதன் அலங்காரம் வேறு கதை சொன்னது.

சிலுவையில் இயேசுவின் திருவுருவம் கிடையாது. படிப்பீடத்தின் மேல் நிற்கும் அதன் அடியிலிருந்து இருபுறமும் இலைகள் கிளம்பி, சிலுவையின் கைகளை நோக்கிச் சுருள்கின்றன. சென்னைப் பரங்கிமலையில் 1547இல் கிடைத்த கற்சிலுவையின் அடியிலும் இலைகள் உண்டு. அதைச் சுற்றி ஓடுவது பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து. இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் திருச்சபை இருந்தது என்றும், அதன் குரு பாரசீகத்தில் நியமிக்கப்பட்டவர் என்றும் ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்னும் அலெக்சாந்திரிய வணிகர் எழுதிவைத்தார். அந்தக் குறிப்பைக் கொண்டே, அநுராதபுரச் சிலுவை பாரசீகக் கிறிஸ்தவர்களுடையது என்று 1920களில் ஆய்வாளர் கொட்ரிங்டன் வாதிட்டார்.

கீழைச் சிலுவைகளுக்கு இலை அடையாளமென்றால், அயர்லாந்து, ஸ்கொட்லாந்துச் சிலுவைகளுக்குப் பின்னல். ஸ்கொட்லாந்தில் நிக் என்ற ஊர்த் தேவாலயத்தில் உள்ள எட்டாம் நூற்றாண்டுக் கல்லில் அது அடர்ந்து கிடக்கிறது. சிற்பி பின்னணியைக் குடைந்து தாழ்த்தி, இழையை மேடாக விடுகிறார். இரண்டு இழைகள் சந்திக்கும் இடத்தில் ஒன்றை வெட்டி நிறுத்தி, மற்றதை மேலே ஓடவிடுகிறார். ஒருமுறை மேலே போன இழை அடுத்த சந்திப்பில் கீழே போக வேண்டும். ஓரிடத்தில் பிசகினால் முழுப் பின்னலும் குலையும்.

இதற்குள் ஒரு கணக்கும் இருக்கிறது. நம் கம்பிக்கோலத்திலேயே அதைச் சோதித்துப் பார்க்கலாம். 3க்கு 4 என்று புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் வளைத்துச் சாய்வாக இழை ஓட்டினால் ஒரே இழையில் கோலம் முடிந்துவிடும். 4க்கு 6 வைத்தால் இரண்டு இழை, 4க்கு 4 வைத்தால் நான்கு. அந்த இரு எண்களின் பொதுக் காரணிகளுட் பெரியது எதுவோ, அத்தனை இழை.

எழுத்தில்லாத இத்தகைய கற்களுக்கு அலங்காரமே சாட்சி. 1903இல் ஆய்வாளர் ரொமிலி அலன் ஸ்கொட்லாந்துக் கற்களின் பின்னல்களை வகை வகையாகப் பிரித்து நூலில் பதித்தார். வன்னிப் பிள்ளைகளை அநுராதபுரச் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போகும் ஆசிரியர்களே, இந்தச் சிலுவையைப் பற்றியும் சொல்லிக்கொடுங்கள். போர்த்துக்கேயர் வருவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் முன்பே இத்தீவில் கிறிஸ்தவர்கள் வழிபட்டார்கள் என்பதற்கு நம் பக்கத்திலேயே கிடைத்த கற்சான்றாக அது கருதப்படுகிறது.